ரெக்கார்டு ஆகாத போன்

என் மகள் அஷ்வினி போன திங்கட்கிழமை காலையில் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அம்மா, உனக்கு ஐபோன் வாங்கப் போறேன். போனஸ் வந்திடுச்சு. மறுபேச்சு பேசாதே" என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஐபோன்! எனக்கு!

மைசூர் அக்ரஹாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். சொர்ணலதா டெய்லர் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வருகிற பெண்களில் பாதிப் பேர் கையில் ஐபோன்தான். நான் மெஷினில் உட்கார்ந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டதைச் சொன்னால் வெட்கக்கேடு. அதன் கேமராவில் ஜரிகை ஜரிகையாகவே தெரியும். என் பழைய ஆண்ட்ராய்டில் எடுத்தால் வாடாமல்லிப் புடவை கத்தரிப்பூ நிறத்தில் விழும். அதை நம்பி லைனிங் வாங்கி நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

"நிஜமாவாடி?" என்றேன்.

"நிஜமாத்தான். நாளைக்கே போலாம். என்ன கலர் வேணும் சொல்லு."

கலர் சொல்ல வாயைத் திறந்தவள், சட்டென்று ஒன்று ஞாபகம் வந்து நிறுத்தினேன். "இரு. அதுல எல்லா காலும் தானா ரெக்கார்டு ஆகுமா?"

அஷ்வினியின் முகம் விழுந்தது. "அம்மா... அது மட்டும் இதுல கிடையாது. வேணும்னா நீ பட்டனை அமுக்கணும். அமுக்கினா ரெண்டு பக்கமும் சத்தமா, ரெக்கார்டு பண்றோம்னு சொல்லிடும்."

"அப்போ எனக்கு வேண்டாம்" என்றேன். ஆசை நெஞ்சுக்குள் குதித்துக்கொண்டே இருந்தது. இருந்தாலும் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். தையல்காரிக்கு வாடிக்கையாளரின் ஞாபகத்தைப் போல ஒரு எதிரி உலகத்தில் கிடையாது. போனில் கை எட்டு இஞ்ச் என்பாள். தைத்துக் கொடுத்தால் பத்து சொன்னேனே என்பாள். கழுத்தை இறக்கச் சொல்லிவிட்டு, மாமியார் முறைத்ததும் நம் தலையில் போடுவாள். ஆறு வருஷம் முன்னால் இந்தப் போன் வாங்கினேன். வருகிற கால், போகிற கால் எல்லாம் தானாக ரெக்கார்டு ஆகும். அன்று பிடித்தது எனக்கு ராஜயோகம். பேச்சு முற்றியதும், "ரெக்கார்டு இருக்கு, போடட்டுமா?" என்பேன். பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். அடங்காதவர்களுக்குப் போட்டே காட்டுவேன்.

அன்றைக்குக்கூட மத்தியானம் பிரதிபா என்று ஒரு அம்மா வந்து, முதுகில் ஜன்னல் வைக்கச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். "நானு ஹாகே ஹேளே இல்லா ரீ" என்று கடை அதிர ஒரே சத்தம். போனை எடுத்துத் தட்டினேன். ஜன்னல் வேண்டும், அதில் முத்துத் தொங்கவேண்டும் என்று அவர் குரலே சொல்லியது. அவர் ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போனார். அஷ்வினி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டே" என்றாள்.

"பின்னே? தோத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"அவங்க இனிமே வரமாட்டாங்கம்மா."

"வராட்டி போகட்டும்!" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. ஆனால் அவர் ஏழு வருஷ வாடிக்கை. மனசு கொஞ்சம் சுருக்கென்றது.

ஆனால் பிரதிபா எல்லாம் ஒரு விஷயமே இல்லை. என் அக்கா மகேஸ்வரி கதையைச் சொன்னால்தான் இந்தப் போன் எனக்கு என்ன செய்தது என்று விளங்கும்.

நாங்கள் ஹனூர் பக்கத்துக்காரர்கள். அக்காவைச் சாமராஜநகரில் கொடுத்தார்கள், என்னை மைசூரில். அவள் மகள் தாரணிக்கு ஒன்றரை வருஷம் முன்னால் நிச்சயதார்த்தம். ஜாக்கெட் நான் தைக்கவேண்டும் என்று அக்கா போனிலேயே அளவு சொன்னாள். மார்பு முப்பத்திநாலு. நான் எழுதிக்கொண்டு, கையெல்லாம் ஆரி வேலை செய்து, பத்து ராத்திரி கண் விழித்துத் தைத்தேன். நிச்சயத்தன்று மண்டபத்தில் தாரணி போட்டுப் பார்த்தால் ஒரு கொக்கிகூட மாட்டவில்லை. பெண்ணின் கண்ணில் தண்ணீர். அக்கா எல்லார் முன்னாலும், "முப்பத்தாறுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவ காதுல வாங்கினாத்தானே" என்றுவிட்டாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! பத்து ராத்திரி! போனை எடுத்தேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நிற்க, ரெக்கார்டைப் போட்டேன். "முப்பத்திநாலு, எழுதிக்கோ" என்று அக்காவின் குரல் கணீரென்று வந்தது. நான் போனைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜெயித்த மிதப்பில். அங்கேதான் பிசகிவிட்டேன். ரெக்கார்டு நிற்காமல் ஓடியது. "அப்புறம் கேளு புள்ள, சம்பந்தியம்மாவுக்கு வாய் மட்டுந்தான் தாராளம். மோதிரத்தப் பாத்தியா? முக்காப் பவுன்கூடத் தேறாது. கஞ்சப் பிசினாறி" என்று அதே குரல் அதே கணீரில் சொல்லியது. சம்பந்தியம்மா எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், சிரித்துச் சமாளித்துவிட்டான். ஆனால் அக்கா சம்பந்தியம்மா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். கல்யாணத்துக்கு அக்கா வீட்டுக்காரர் கரியப்பன் மாமா வந்து பத்திரிகை வைத்தார். நான் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்திநாலு என்று தான் சொன்னதை அதற்குப் பிறகாவது ஒப்புக்கொண்டாளா என்றால், அதுவும் பாதிதான். "ஆமா, முப்பத்திநாலுதான் சொன்னேன். டேப் வெச்சு அளந்துதான் சொன்னேன். அவதான் புடிச்சுத் தெச்சுப்போட்டா" என்று ஊரெல்லாம் மாற்றிச் சொன்னாள். முழு ரெக்கார்டு இருந்தும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வேன்!

திங்கட்கிழமை கதைக்கு வருகிறேன். சாயங்காலம் தாரணியே போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"சித்தி! ஏழாம் மாசம் பொறந்திடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு!"

"அடி என் தங்கமே!" என்று கத்தினேன். மெஷினில் இருந்த துணி கீழே விழுந்தது. "யாரு ஜாக்கெட் தெக்கிறது? நான் இருக்கேன்ல?"

தாரணி மெல்லிய குரலில், "சித்தி, இது ரெக்கார்டு ஆகுதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆகுது, தானா ஆகும். நான் ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லு."

"இல்ல சித்தி... உங்களை அம்மாதான் வாய் திறந்து அழைக்கணும். நான் அழைச்சா முறை இல்ல. அம்மாவுக்கும் ஆசைதான். வளையல் அடுக்கும்போது 'என்ற தங்கச்சி இல்லாம எப்படி'ன்னு ரெண்டு நாளா புலம்புறாங்க. ஆனா அந்த ரெக்கார்டு போனுக்கு செத்தாலும் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்கல்ல? பத்திரிகையும் அடிக்கல, அப்பா வந்து வெக்கிறதுக்கு." அப்புறம், "நான் இதைச் சொன்னேன்னு அம்மாவுக்குப் போட்டுக் காட்டிடாதீங்க சித்தி" என்றாள்.

வயிற்றுப் பிள்ளைக்காரி என்னிடம் பேசப் பயப்படுகிறாள். நான் தூக்கி வளர்த்த பெண். போனை வைத்தபிறகு நான் ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நான் ஏன் மாறவேண்டும்? தப்பு அவள் பேரில்! அளவைத் தப்பாகச் சொன்னவள் அவள்! இந்தப் போனை விட்டால் என்னிடம் அத்தாட்சி என்று என்ன மிஞ்சும்? நாளைக்கே, முப்பத்திநாலு சொல்லவே இல்லை என்று திரும்ப ஆரம்பித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் உதயகுமாரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "லதா, ஒரு விஷயம் சொல்லட்டுமா? நானே உன்கிட்ட போன்ல, சரி, ம், வச்சிடறேன், இதுக்கு மேல பேசறதில்லை" என்றார். "ஆறு வருஷமா."

அஷ்வினி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளும் அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெடியா இரு. நான் இன்னும் வாங்கறதா சொல்லல. போய்ப் பாக்கறதா மட்டும்தான் சொல்றேன்."

"ஹௌதா? நிஜமாவா?" என்று அஷ்வினி துள்ளிக் குதித்தாள். உணர்ச்சி வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு தேவராஜ மொஹல்லாவில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். மார்க்கெட் வாசலில் ஒரே நெரிசல், பூக்கூடை, வாழைத்தார். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. கடையில் சுஹாஸ் என்று ஒரு இளைஞர், அஷ்வினியோடு காலேஜில் படித்தவராம். போனை என் கையில் வைத்தார். அடேயப்பா, என்ன வழவழப்பு! நான் பையிலிருந்து ஒரு வாடாமல்லித் துணித் துண்டை எடுத்துப் போட்டோ பிடித்தேன். வாடாமல்லி வாடாமல்லியாகவே விழுந்தது! "அஷ்வினி, பாருடி, பாருடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கவுண்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, ரெக்கார்டு எப்படின்னு காட்டுங்க" என்றேன்.

சுஹாஸ் தன்னுடைய ஐபோனிலிருந்து என் பழைய போனுக்கு அடித்து, ஒரு பட்டனை அமுக்கினார். உடனே ஒரு பெண்குரல் இங்கிலீஷில், இந்தப் பேச்சு ரெக்கார்டு செய்யப்படும் என்று இரண்டு போனிலும் கணீரென்று அறிவித்தது.

"இப்படித் தமுக்கு அடிச்சிட்டு ரெக்கார்டு பண்ணா எவ வாயைத் திறப்பா?" என்றேன்.

"அதுக்குத்தானே ஆன்ட்டி" என்று சுஹாஸ் சிரித்தார். கன்னடமும் தமிழுமாகக் கலந்து விளக்கினார். பழைய போனிலிருந்து போட்டோ வரும், நம்பர் வரும், வாட்ஸப் பேச்சு முழுசும் வரும். வாட்ஸப்பில் அளவை எழுதி வாங்கிக்கொண்டால் வியாபாரத்துக்கு அதுவே போதும் என்றார். "கால் ரெக்கார்டிங் மாத்ர இதுல பரல்ல ஆன்ட்டி, வராது. நாலாயிரத்துக்கு மேல ஃபைல் இருக்கு. பென் டிரைவ்ல ஏத்திக் கொடுக்கட்டுமா? இல்லேன்னா பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கும்போது எல்லாம் அழிஞ்சிடும்."

நாலாயிரம். ஆறு வருஷம் நான் ஜெயித்த சண்டையெல்லாம் அதற்குள் இருந்தது. முப்பத்திநாலும் அதற்குள்தான் இருந்தது. வாய் 'ஏத்துங்க' என்று சொல்லப் போனது. பென் டிரைவ் பீரோவில் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே! அக்கா என்றைக்காவது ஏதாவது சொன்னால் என் கை பீரோவுக்குத்தான் போகும். என்னை எனக்குத் தெரியாதா? சுஹாஸ் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வேண்டாம். அழிஞ்சா அழியட்டும்" என்றேன். சொல்லிவிட்டு மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. காரணமே இல்லாமல் சிரித்தேன். அஷ்வினி கடைக்குள்ளேயே என்னைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தாரணிக்குப் புதுப் போனிலிருந்து வாடாமல்லித் துணியின் படத்தை அனுப்பி, 'சித்தி போன் மாத்திட்டேன். இதுல தானா ரெக்கார்டு ஆகாது. அம்மாகிட்ட சொல்லு' என்று எழுதினேன். பிறகு காத்திருந்தேன். மெஷினை மிதிப்பேன், போனைப் பார்ப்பேன். கஸ்டமர் ஒருத்தர் வந்து கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்றே தெரியவில்லை. நாலு மணிக்கு மணி அடித்தது. மகேஸ்வரி அக்கா!

"ஏம்புள்ள" என்றது குரல். ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் குரல். "நெசமாலுமே ரெக்கார்டு ஆகலியா?"

"ஆகலக்கா. ஆச்சுன்னா ஒரு பொம்பள இங்கிலீஷ்ல கத்துவா."

"எந்தப் பொம்பள?"

"விடுக்கா. ஆகல. உன் புள்ள மேல சத்தியம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவ்வளவுதான், மடை திறந்தது. என்ன திட்டு! "ஏண்டி, உனக்கு அறிவிருக்குதா? சபையில வெச்சா போடுவ? நான் கூடப்பொறந்தவளா, கோர்ட்டுல சாட்சியா? சம்பந்தியம்மா முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டியே, பாவி!" முக்கால் மணி நேரம். எங்கள் ஊர்ப் பேச்சில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, "திட்டுக்கா, இன்னும் திட்டு" என்றேன். அவள் திட்டிக்கொண்டே அழுதாள். நடுவில், "வெள்ளிக்கிழமை வந்து சேரு, வரலீன்னா கொன்னுபோடுவேன்" என்று அழைப்பும் வந்துவிட்டது. அதைவிட லட்சணமாக யாரும் யாரையும் அழைத்திருக்க முடியாது.

கடைசியில் குரல் இறங்கியது. "சொர்ணா, ஒண்ணு சொல்றேன். ஆருகிட்டயும் சொல்லப்படாது."

"சொல்லுக்கா."

"அன்னிக்கு நான் டேப்பே வெக்கல புள்ள. தேடிப் பாத்தேன், கெடைக்கல. நீ லைன்ல இருந்து கத்திக்கிட்டு இருந்தே. கண்ணால பாத்து முப்பத்திநாலுன்னு சொல்லிப்போட்டேன். கல்யாணம் முடிஞ்சும் அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வராது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்றரை வருஷமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை! அப்போது என் கண் தானாகவே திரையில் இருந்த அந்த ரெக்கார்டு பட்டனைத் தேடியது. பொய் சொல்லமாட்டேன், தேடியது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"போகுதுக்கா. இந்தத் தடவை அளவு நானே வந்து எடுக்கறேன். காலையில முதல் பஸ்" என்றேன்.

போனேன், அளந்தேன், இரண்டே நாளில் தைத்தேன். வெள்ளிக்கிழமை தாரணி பச்சைப் பட்டில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் அளவு அச்சாகப் பொருந்தியிருந்தது. அக்கா என்னை இழுத்துப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா வந்து ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கு அழகா இருக்கே! அன்னிக்கு மட்டும் எப்படிங்க தப்பாச்சு?" என்று சிரித்தபடி கேட்டார். எல்லாருக்கும் அது ஞாபகம் இருந்தது.

அக்கா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. "நான் டேப் வெச்சு அளந்துதானுங்க சொன்னேன். ஒரு இஞ்ச் மாறல" என்றாள்.

எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அஷ்வினி என்னையே பார்த்தாள். எனக்கு ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. மூன்றே நாள்! மூன்று நாள் முன்னால்தானே அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்! வாய் திறந்துவிட்டேன். அக்காவின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க" என்றேன். "அக்கா அளந்துதான் சொன்னா. நான்தான் பிடிச்சுத் தெச்சுட்டேன்."

சம்பந்தியம்மா, "அட, அவ்வளவுதானா" என்று வளையல் தட்டை எடுக்கப் போனார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அக்கா அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. அவள் கை மட்டும் வந்து, சந்தனம் அப்பியிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டது. எலும்பு நோகும்படி பிடித்தாள். வளையல் அடுக்கி முடிக்கிறவரைக்கும் விடவே இல்லை.